மறுபடி படிக்கப் போனவருக்குப் பணம் கொடுத்தது யார்?

பிரெஞ்சு மொழியில் 'பூர்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. பணப்பைக்கும் அதுதான் பெயர், கல்வி உதவித்தொகைக்கும் அதுதான் பெயர். உதவித்தொகையில் படிக்கிற மாணவனை 'பூர்சியே' என்பார்கள். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குச் சின்ன வயதிலேயே பழகிய சொல் இது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துக்கொண்டால் பொருள் விளங்கிவிடும்.

பாரிஸில் 1257-ஆம் ஆண்டு வாக்கில் ரொபேர் தெ சொர்போன் என்ற பாதிரியார் ஒரு கல்லூரியை நிறுவினார். இன்று சொர்போன் என்று உலகம் முழுக்கத் தெரிகிற பெயர் அவருடையதுதான். அந்தக் கல்லூரி முதல் தடவையாகப் படிக்க வந்த சிறுவர்களுக்காக ஏற்பட்டதல்ல. கலைப் பாடங்களை முடித்துவிட்டு, இறையியல் என்கிற வேறு பாடத்தை முதலிலிருந்து தொடங்க விரும்பிய, கையில் காசில்லாத இளைஞர்களுக்காக ஏற்பட்டது. தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால்தான் அவர்களால் இரண்டாவது படிப்பைப் படிக்க முடியும் என்று அந்தப் பாதிரியாருக்குத் தெரிந்திருந்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோச்சடையில் காலை நடைக்குப் போகிற நம் வயதுக்காரர்கள் கூடிப் பேசும்போது இப்போது அடிக்கடி காதில் விழுகிற செய்தி, "பேரன் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுட்டான், வேற ஏதோ படிக்கணுமாம்" என்பதுதான். சொல்கிறவர் குரலில் ஒரு சாவு வீட்டுத் தொனி. அவனுக்கு என்ன பிடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. "கட்டின பணம்?" என்பதுதான் அடுத்த கேள்வி. அது நியாயமான கேள்வியும்கூட. ஆகவே அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் ஊர்ப்பக்கம் பாடம் மாறியவர்களுக்கும் மறுபடி படிக்கப் போனவர்களுக்கும் யார் பணம் கொடுத்தார்கள் என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம்.

முப்பது ரூபாய் எழுத்தர்

கணித மேதை இராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை ஒரு வரவு செலவுக் கணக்காக யாரும் படிப்பதில்லை. நான் எழுத்தராக இருந்தவன், எனக்கு அப்படித்தான் படிக்க வருகிறது.

1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவர் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தபோது கையில் உதவித்தொகை இருந்தது. அந்தக் காலத்து எஃப்.ஏ.வில் எனக்குக் கணிதம் மட்டும் போதும் என்று சொல்ல வழியில்லை. ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு எல்லாமே தேற வேண்டும். ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயன்றார். கணிதத்தைத் தவிர மற்றவற்றில் தேறவில்லை. பட்டம் என்கிற கதவு அத்தோடு அடைத்துக்கொண்டது.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தரானார். மாதச் சம்பளம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு மே மாதத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகையாக மாதம் 75 ரூபாய் தரத் தொடங்கியது.

இந்த 75 ரூபாயைக் கவனியுங்கள். கல்லூரிச் சம்பளத்தை மட்டும் தள்ளுபடி செய்திருந்தால் இராமானுஜன் வேலையை விட்டிருக்க முடியாது. வீட்டில் தாய் தந்தை, தம்பிமார், மனைவி. பல்கலைக்கழகம் கொடுத்தது அவர் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தைப்போல இரண்டரை மடங்கு. 1914-இல் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டபோதும் அதே கணக்குதான். சென்னையிலிருந்து ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தார்கள். அதில் 50 பவுன் ஊரில் இருந்த குடும்பத்துக்கு என்று ஒதுக்கினார்கள். டிரினிடி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுன் கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கிடைத்தது.

வேலைக்குப் போய்விட்ட ஒருவர் மறுபடி படிக்கப் போனால் பெரிய செலவு கல்விக் கட்டணமல்ல, வராமல் போகிற சம்பளம். அதை ஈடுகட்ட யாராவது இருந்தால்தான் திரும்பிப் போக முடியும். இராமானுஜனுக்கு ஈடுகட்ட ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் அவர் இராமானுஜன். நமக்கு?

தாலுகா ஆபீசிலிருந்து துணைவேந்தர் நாற்காலிக்கு

மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கியது. அதன் முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். அவர் சட்டம் படித்து வழக்கறிஞரானவர், வரலாறு முதலிய பாடங்களில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். தமிழ்ப் பேராசிரியராகவும் மொழியியல் அறிஞராகவும் பேர் வாங்கியது அதற்குப் பிறகுதான்.

அவருக்கு அடுத்து 1971-இல் வந்தவர் மு. வரதராசனார். மு.வ. என்றாலே தமிழ்ப் பேராசிரியர், நாவலாசிரியர் என்றுதான் நினைவுக்கு வரும். அவர் முதலில் பார்த்த வேலை திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்ந்தார். உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய், அங்கிருந்தபடியே தமிழ் படித்தார். 1935-இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாக வந்தார். அதற்காகத் திருப்பனந்தாள் மடம் 1000 ரூபாய் பரிசு கொடுத்தது. அந்தக் காலத்து ஆயிரம் ரூபாய்! இராமானுஜன் வாங்கிய எழுத்தர் சம்பளத்தில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்று வருடச் சம்பளம்.

அதற்குப் பிறகும் அவர் கல்லூரி வகுப்பில் போய் உட்காரவில்லை. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே 1939-இல் பி.ஓ.எல்., பச்சையப்பன் கல்லூரியில் வேலை பார்க்கும்போது 1944-இல் எம்.ஓ.எல்., 1948-இல் டாக்டர் பட்டம். ஒவ்வொரு படிக்கட்டிலும் கையில் சம்பளம் இருந்தது. வேலையை விடாமல் படித்ததால்தான் அத்தனை தூரம் போக முடிந்தது.

ஆக, நம் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு துணைவேந்தர்களும் பாதை மாறி வந்தவர்கள். 1978-இல் அதற்குச் சூட்டிய பெயரோ ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்ற காமராசருடையது. முதல் முயற்சியில் முடிக்காதவர்களைக் கேலி செய்கிற யாரும் நாகமலைப் பக்கம் போகும்போது அந்தப் பெயர்ப் பலகையைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

தபாலில் வந்த கல்லூரி

மு.வ. துணைவேந்தராக வந்த அதே 1971-இல்தான் மதுரைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. இந்தியாவில் முதலில் தொடங்கியது டெல்லிப் பல்கலைக்கழகம், 1962-இல். தமிழ்நாட்டில் அண்ணாமலை 1979-இலும், சென்னை 1981-இலும்தான் வந்தன. கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள் தமிழ்நாட்டு எழுத்தர்களுக்கும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கும் மதுரைதான் கதி.

நம் வயதுக்காரர்களுக்கு அது எப்படி நடந்தது என்று நினைவிருக்கும். பாடங்கள் அச்சிட்ட கட்டுகளாகத் தபாலில் வரும். விடுமுறை நாட்களில் தொடர்பு வகுப்பு. பிறகு ஏதாவது ஒரு கல்லூரியில் தேர்வு. நானும் அந்த வழியில்தான் வரலாற்றில் பி.ஏ. முடித்தேன். பிரெஞ்சில் படித்து வளர்ந்தவனுக்கு வைகைக் கரையில் வந்து பாண்டியர் வரலாற்றைத் தமிழில் படித்தது தனி அனுபவம். அதை வேறொரு நாள் சொல்கிறேன்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அஞ்சலில் ஆய்வுக்கூடம் வராது. வேதியியலும் தாவரவியலும் தபாலில் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால் வரலாறு, பொருளாதாரம், தமிழ், ஆங்கிலம், வணிகவியல் என்று ஆய்வுக்கூடம் வேண்டாத பாடங்களுக்குத்தான் ஆள் சேர்ந்தது. அப்பாவின் ஆசைக்காகப் புகுமுக வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்து, பி.எஸ்சி. முடித்து, எழுத்தர் வேலைக்கு வந்தவர்களில் பலர் தமிழுக்கும் வரலாற்றுக்கும் திரும்பியதற்கு ஆர்வம் ஒரு காரணம், தபால் பை இன்னொரு காரணம்.

நான் வேலை பார்த்த மத்திய அரசு அலுவலகத்தில் சில ஆண்டுகள் பொது வைப்பு நிதி, அதாவது ஜி.பி.எஃப். முன்பண விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும். அந்த விதியில் உயர்கல்விச் செலவுக்கு முன்பணம் வாங்கலாம். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஊழியர் தன் சொந்தப் படிப்புக்கும் வாங்கலாம். அப்போது வழக்கமாக 12 முதல் 24 தவணைக்குள் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். நம் பணத்தை நாமே வாங்கி நாமே திருப்பிக் கட்டுவது. "மகனின் கல்லூரிக் கட்டணம்", "மகளின் படிப்பு" என்று வரும் விண்ணப்பங்களுக்குக் குறைவே இல்லை. "என் உயர்கல்விக்காக" என்று எழுதி வந்தவை எப்போதாவது ஒன்றுதான்.

அப்படி எழுதிய ஒருவர் எனக்கு நல்ல பழக்கம். தாவரவியல் பட்டதாரி. தபாலில் தமிழ் பி.ஏ. மறுபடி முதலிலிருந்து படித்து, எம்.ஏ.வும் முடித்தார். கட்டணம், புத்தகம், தேர்வுக்குப் போய்வருவது எல்லாமே அந்த முன்பணத்தில் அடங்கிவிட்டது. ஆசிரியராக வேண்டுமென்றால் பி.எட். வேண்டும். அதற்கு ஓர் ஆண்டு கல்லூரிக்கே போய்ப் படிக்க வேண்டியிருந்தது. சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். அந்த ஓர் ஆண்டில்தான் வீட்டில் சங்கிலி அடகுக்குப் போனது. "ஏழு வருஷம் தபால்ல படிச்சதுக்கு ஆகாத செலவு, ஒரே வருஷம் நேர்ல படிச்சதுக்கு ஆச்சு சார்" என்று அவர் சொன்னது இன்னும் ஞாபகம். இராமானுஜன் கணக்கில் நான் சொன்னதும் இதேதான். சங்கிலி திரும்பி வந்தது. அவரும் மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியராகவே ஓய்வு பெற்றார்.

'சேம் மேஜர்', 'கிராஸ் மேஜர்'

அவர் எதற்காக பி.ஏ.வை மறுபடி படித்தார், நேரே எம்.ஏ.வுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆசிரியர்களாக இருந்த வாசகர்களுக்குப் பதில் தெரியும். நம் பள்ளிக்கல்வித் துறையின் பதவி உயர்வுப் பட்டியலில் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமானால் 'சேம் மேஜர்', வேறு வேறானால் 'கிராஸ் மேஜர்' என்று தனித்தனியாகப் பிரிப்பார்கள். பாடம் மாறியவர்களுக்குத் தனி வரிசை. இதைச் சமாளிக்க ஓராண்டில் கூடுதல் பட்டம் ஒன்று படித்தவர்களும் உண்டு. மூன்றாண்டில் வாங்கிய பட்டமும் ஓராண்டில் வாங்கிய பட்டமும் சமமா என்று அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

2009 ஆகஸ்டில் வந்த அரசாணை இன்னொரு கோடு போட்டது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாக முடித்த பிறகு வாங்கிய திறந்தநிலைப் பட்டம்தான் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்றது. பள்ளியை முடிக்காமல் நேரே பட்டத்துக்குப் போனவர்கள் பலர் இதனால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். கூடுதல் படிப்புப் படித்த ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் தமிழ்நாடு அரசு முன்ஊதிய உயர்வு கொடுத்து வந்தது. அரசாங்கமே அவர்களுடைய கட்டணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்த மாதிரி. சங்கிலி அடகு வைத்தவர்கள் அதை நம்பித்தான் வைத்தார்கள். 2020 மார்ச்சில் வந்த அரசாணையோடு அந்த முறை நின்றது.

முதல் தடவைக்கு மட்டும்

பொதுவாக நம் ஊரில் கல்விக்கு உதவி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. காமராசர் காலத்தில் பள்ளிக் கல்வி இலவசமானது. கலைஞர் ஆட்சியில் புகுமுக வகுப்பு வரை இலவசமானது. பிறகு குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை வந்தது. எல்லாம் பெரிய காரியங்கள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவது இவற்றால்தான். ஆனால் எல்லாமே முதல் தடவைக்கு. 'முதல் பட்டதாரி' என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

கடன்களும் அப்படித்தான். மத்திய அரசு 1963-இல் தேசியக் கடன் உதவித்தொகை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வட்டி கிடையாது. படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குப் போனால் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் இன்றைய கல்விக் கடனுக்கு மாதிரித் திட்டம் வகுத்தது. நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம் என்பது அதில் பெரிய மாறுதல். 2009-இல் மத்திய அரசு வட்டி மானியத் திட்டம் கொண்டுவந்தது. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் தொழிற்படிப்புக் காலத்து வட்டியை அரசே கட்டும்.

இந்த மானியத்தின் நிபந்தனைகளில் ஒன்றைப் பெற்றோர் பலர் படிப்பதில்லை. மருத்துவக் காரணம் தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் கிடையாது. வாழ்நாளில் ஒரு தடவைதான் கிடைக்கும். அதாவது வசதியுள்ள வீட்டுப் பையன் இரண்டாம் ஆண்டில் பாடம் மாறினால் அப்பாவுக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். ஏழை வீட்டுப் பையன் மாறினால் வட்டியும் தலையில் ஏறும், அடுத்த படிப்புக்கு மானியமும் இல்லை. அதனால் பிடிக்காத படிப்பிலேயே உட்கார்ந்து அரியர் எழுதிக்கொண்டு ஆறேழு வருடம் போக்குகிறான். அந்த ஆறேழு வருடத்துச் சம்பளம் யார் கணக்கிலும் வருவதில்லை.

கொஞ்சம் உபயோகமான தகவல்

வீட்டில் பேரனோ பேத்தியோ பாடம் மாற வேண்டும் என்று சொன்னால், திட்டுவதற்கு முன் தேதியைப் பாருங்கள். கட்டிய பணத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதி வகுத்தது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் சிறு பிடித்தம் போக முழுப் பணம், அதற்குப் பின் கடைசித் தேதிக்குள் 90 சதவீதம், கடைசித் தேதிக்குப் பிறகு 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50 சதவீதம், அதற்கப்புறம் ஒன்றுமில்லை என்று அது படிப்படியாகப் போகும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதிதான். விதி ஆண்டுக்காண்டு மாறலாம். சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை வாயைத் திறக்க பயந்துகொண்டு ஒரு மாதம் கடத்தினால், அந்தப் பயத்தின் விலை அந்த ஆண்டுக் கட்டணம் முழுவதும்.

இரண்டாவது, படித்த வரை வீணாக வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய கல்வி மதிப்பெண் வங்கியில் கல்லூரியும் சேர்ந்திருந்தால், முடித்த தாள்களின் மதிப்பை ஏழு ஆண்டு வரை வைத்திருக்க முடியும். 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புக்கும் அனுமதி உண்டு. ஒன்றைக் கல்லூரியில் நேரில் படித்துக்கொண்டு இன்னொன்றைத் தொலைநிலையில் படிக்கலாம்.

மூன்றாவது, மறுபடி படிக்க வங்கிக் கடன் வாங்கினால், திருப்பிக் கட்டும் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டு வரை வருமானத்திலிருந்து கழிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் பெரிய செலவு மிச்சமிருக்கிறது. மறுபடி படிக்கிற இரண்டு மூன்று வருடம் அந்தப் பிள்ளை சாப்பிட வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், வீட்டுக்கு ஒன்றும் கொடுக்க முடியாமல் இருக்க வேண்டும். அதற்கு அரசாங்கத் திட்டம் ஏதுமில்லை. இராமானுஜனுக்குப் பல்கலைக்கழகம் செய்தது, மு.வ.வுக்கு ஒரு மடம் செய்தது, என் நண்பருக்கு அவர் மனைவியின் கழுத்துச் சங்கிலி செய்தது. பாரிஸ் பாதிரியார் எழுநூறு ஆண்டுக்கு முன்னால் சோறும் படுக்க இடமும் கொடுத்தது இதற்காகத்தான்.

இன்று நம் வீடுகளில் மாதம் தவறாமல் வருகிற ஒரே வருமானம் பல சமயம் பெரியவர்களின் பென்ஷன்தான். பிள்ளைகள் நம்மிடம் வந்து கேட்க மாட்டார்கள். ஒரு தடவை தோற்றவனுக்குக் கேட்க வாய் வராது. தேதி கடப்பதற்குள் நாமாகவே கூப்பிட்டு, "மாசம் இவ்வளவு நான் தர்றேன், நீ போய்ச் சேரு" என்று சொல்லிவிடுவது நல்லது. எவ்வளவு என்பதை அவரவர் பென்ஷன் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.